"நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது" என்றால் இதயத்தில் எங்கே கோளாறு? – விவாத இழை

வார்டு_விளக்கு

வார்டில் தினமும் காதில் விழும் வார்த்தை: "லங்ஸ்ல தண்ணி கோத்திருக்கு." காசநோயால் நெஞ்சில் ஒரு பக்கம் இரண்டு லிட்டர் நீர் சேர்ந்தவருக்கும் இதையே சொல்கிறோம். மாரடைப்பு வந்து, நடுராத்திரியில் மூச்சு முட்டி, இளஞ்சிவப்பு நுரையாகத் துப்புகிறவருக்கும் இதையே சொல்கிறோம். டயாலிசிஸ் தவறியவருக்கும் இதேதான். உறவினர்கள் கேட்பதும் ஒரே கேள்வி: "ஊசி போட்டு அந்தத் தண்ணிய எடுத்துட முடியாதா சிஸ்டர்?"

இந்த இழையில் இதயத்தால் வரும் நீரை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். எந்தெந்த இதய நோய் இதைக் கொண்டுவரும், எப்படிக் கொண்டுவரும், எங்கே ஏமாந்து போகிறோம் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். டிஸ்சார்ஜ் ஆகிப் போனவர் அடுத்த மாதமே அதே கட்டிலுக்குத் திரும்பி வருகிறார். அது ஏன் என்பதும் பேசப்பட வேண்டும்.

நாடித்துடிப்பு

முதலில் அந்த ஊசிக் கேள்வி. நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய உறைகள் உண்டு. அவற்றுக்கு நடுவே சேரும் நீர் பையில் தேங்கிய தண்ணீர் மாதிரி. ஊசி போட்டு எடுக்கலாம். இதயம் பழுதானால் நீர் சேர்வது பெரும்பாலும் காற்றறைகளின் சுவரிலும், பிறகு காற்றறைக்கு உள்ளேயும். அது நனைந்த பஞ்சு. பஞ்சைக் குத்தினால் நீர் வராது, நனைக்கிற குழாயைத்தான் திருக வேண்டும். இதயச் செயலிழப்பில் உறை நீரும் கூடவே வரலாம். இரண்டு பக்கமும் வரும், அல்லது வலப்பக்கம் அதிகமாக இருக்கும். இடப்பக்கம் மட்டும் நிறைய நீர், கூடவே காய்ச்சல் என்றால் "இதயம்தான்" என்று முடித்துவிடாமல் வேறு காரணம் தேட வேண்டும்.

அழுத்தக் கணக்கு இது. நுரையீரலில் சுத்தமான ரத்தம் இடது மேலறைக்கு வந்து, மைட்ரல் வால்வு வழியாக இடது கீழறைக்குப் போய், அயோர்ட்டிக் வால்வு வழியாக உடம்புக்குப் போகிறது. கீழ் மதகு அடைத்துக்கொண்டால் வாய்க்காலில் தண்ணீர் மேலே ஏறி நிற்பதுபோல, இந்தப் பாதையில் எங்கே தடங்கல் வந்தாலும் அழுத்தம் பின்னோக்கி நுரையீரல் நுண்குழாய்கள் வரை ஏறும். அங்கே வழக்கமான அழுத்தம் 6 முதல் 12 மி.மீ. பாதரசம். 18-ஐத் தாண்டினால் சுவர்களுக்கு இடையே நீர் கசியத் தொடங்கும். ரத்தத்தில் உள்ள புரதங்கள் நீரை உள்ளே இழுத்துப் பிடிக்கும் சக்தி சுமார் 25 மி.மீ. அழுத்தம் அதையும் தாண்டினால் காற்றறைக்குள்ளேயே வெள்ளம். அந்தப் புரதங்களில் முக்கியமான ஆல்புமின் குறைந்தவருக்கு இதைவிடக் குறைந்த அழுத்தத்திலேயே கசியும்.

இதயத்தின் வலப்பக்கம் மட்டும் பழுதானால் காலும் வயிறும் வீங்கும். நுரையீரலில் இப்படி நீர் ஊறாது. ஆகவே "கால் வீக்கம் இல்லையே, அப்ப ஹார்ட் இல்ல" என்ற முடிவு தப்பு.

கேள்விக்குறி_77

சார், பகலில் ஓரளவு நன்றாக இருப்பவர்கள் இரவு 2 மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்வது ஏன்? சன்னலைத் திறக்கச் சொல்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் தானே சரியாகிவிடுகிறது. மறுநாள் "கேஸ் பிராப்ளம்" என்று விட்டுவிடுகிறார்கள்.

நாடித்துடிப்பு

படுத்தவுடன் காலிலும் வயிற்றிலும் இருந்த ரத்தம் கால் லிட்டர், அரை லிட்டர் அளவுக்கு நெஞ்சுப் பக்கம் திரும்புகிறது. திணறும் இதயத்துக்கு அதுவே அதிகம். தலையணை ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறுவது இதனால்தான். தூங்கி இரண்டு மூன்று மணி நேரம் ஆனதும் பகலெல்லாம் காலில் தேங்கிய நீரும் மெல்ல ரத்தத்துக்குள் வந்து சேரும். அப்போதுதான் அந்த விழிப்பு. உட்கார்ந்து 15, 30 நிமிடத்தில் தணியும். தணிந்துவிட்டது என்பதால் அதைச் சின்ன விஷயமாக எடுக்கக் கூடாது. அது முன்னறிவிப்பு, அந்த வாரமே எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்க வேண்டும். படுத்தால் இருமல், உட்கார்ந்தால் இருமல் இல்லை என்பதும் இதே வகைதான். டானிக் குடித்து அது போகாது.

ஒரு சேர்க்கை: ஏற்கெனவே ரமிப்ரில், எனலாப்ரில் மாதிரி ரத்த அழுத்த, இதய மாத்திரை சாப்பிடுகிறவருக்கு வறட்டு இருமல் மாத்திரையாலும் வரும். அது உட்கார்ந்தாலும் விடாது.

எதிரொலி

எக்கோ அறையில் என்னென்ன பார்க்கிறோம் என்று சொன்னால் காரணங்கள் தானே வரிசைப்படும்.

கீழறைச் சுவர் ஒரு பகுதி அசையவில்லை என்றால் மாரடைப்பு, பழையதோ புதியதோ. சர்க்கரை உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் மூச்சுத் திணறல் மட்டுமே மாரடைப்பாக வரும். ஆகவே எக்கோவுக்குக் காத்திருக்காமல், வந்த 10 நிமிடத்துக்குள் இசிஜி.

மாரடைப்பு வந்து முதல் ஒரு வாரத்துக்குள், தேறிக்கொண்டிருந்தவர் திடீரென மூச்சடைத்துச் சரிந்தால் மைட்ரல் வால்வைப் பிடித்திருக்கும் தசை அறுந்திருக்கலாம். பின்பக்கத் தசைக்குப் பெரும்பாலும் ஒரே ரத்தக்குழாய்தான் உணவு. அதனால் அதுவே அதிகம் அறுகிறது. இதில் ஸ்டெதாஸ்கோப்பை நம்ப முடியாது. கசிவு மிகப் பெரிதாக இருக்கும், ஆனால் அறைகளுக்கு இடையே அழுத்த வேறுபாடு சீக்கிரம் சமமாகிவிடுவதால் கசிவின் சத்தமான முணுமுணுப்பு மிக மெல்லியதாகவோ கேட்காமலோ போகும். கசியும் ரத்தம் வலது மேல் நுரையீரல் சிரையைக் குறிபார்த்து அடிப்பதால் எக்ஸ்ரேயில் வலது மேல் பகுதி மட்டும் வெள்ளையாகத் தெரிவதும் உண்டு. அதை நிமோனியா என்று படித்து ஆன்டிபயாடிக் போட்டுக் காத்திருப்பது உயிரை வாங்கும் தவறு. இதற்கு அறுவை சிகிச்சைதான் வழி.

இதயத் தசை மொத்தமாகத் தளர்ந்து பந்துபோல் விரிந்திருந்தால் அது தசைநோய். மது, வைரஸ், சில புற்றுநோய் மருந்துகள், பிரசவம் எல்லாம் காரணமாகலாம். பிரசவம் சார்ந்தது கடைசி மாதத்திலிருந்து குழந்தை பிறந்து ஐந்து மாதம் வரை வரும்.

அயோர்ட்டிக் வால்வு சுருங்கி 1 சதுர செ.மீ.க்குக் கீழே போனால் தீவிரம். இவர்களுக்கு ரத்தக்குழாயைத் தளர்த்தும் நைட்ரேட் மருந்தைக் கொடுக்கும்போது கை நடுங்க வேண்டும். ரத்த அழுத்தம் சட்டென்று விழும்.

கடைசியாக, எல்லாரையும் குழப்பும் வகை: பம்ப் செய்யும் அளவு 50 சதவீதத்துக்கு மேல், "ஹார்ட் நார்மல்" என்று ரிப்போர்ட், ஆனாலும் நுரையீரலில் நீர். பல வருட ரத்த அழுத்தம், சர்க்கரை, உடல் பருமன் ஆகியவற்றால் கீழறை தடித்து விறைத்துப்போகிறது. சுருங்குவதில் குறையில்லை, விரிந்து கொடுப்பதில்தான் குறை. விறைத்த பைக்குள் ரத்தம் நிரம்ப அழுத்தம் ஏற வேண்டும். அந்த அழுத்தம் பின்னால் போகிறது. ரிப்போர்ட்டில் இஎஃப் (அந்தப் பம்ப் அளவு) 60 என்று பார்த்துவிட்டு இதயம் இல்லை என்று சொல்லாதீர்கள். இடது மேலறை பெருத்திருக்கிறதா என்று பாருங்கள். நெடுநாள் அழுத்தத்துக்கு அதுவே சாட்சி.

நாடித்துடிப்பு

எதிரொலி விட்டுவைத்தது மைட்ரல் வால்வுச் சுருக்கம். நம் ஊரில் இளம் வயதில், அதிலும் பெண்களுக்கு, நுரையீரலில் நீர் என்றால் முதலில் நினைக்க வேண்டியது இதைத்தான். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

பள்ளி வயதில் தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று, இரண்டு மூன்று வாரம் கழித்து மூட்டு மூட்டாக மாறிமாறி வீங்கும் ருமாட்டிக் காய்ச்சல். மூட்டு வலி சுவடில்லாமல் ஆறிவிடும், வால்வு ஆறாது. இதழ்கள் ஓரங்களில் ஒட்டி, தடித்து, பத்து இருபது வருடத்தில் மீன் வாய் மாதிரி ஆகிவிடும். இயல்பான திறப்பு 4 முதல் 6 சதுர செ.மீ. 1.5-க்குக் கீழே தீவிரம், 1-க்குக் கீழே மிகத் தீவிரம்.

இங்கே கீழறை நன்றாகவே இருக்கிறது, கதவுதான் சிறிது. கதவு சிறிதானால் நேரம்தான் எல்லாம். நாடி 70 என்றால் ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் இறங்க அரை நொடி கிடைக்கும். 120 ஆனால் ஏறக்குறைய கால் நொடி. இன்னொன்று: இந்தக் கதவு வழியாகப் போகும் ஓட்டம் இரண்டு மடங்கானால் அழுத்த வேறுபாடு நான்கு மடங்காகும். காய்ச்சல், ரத்தசோகை, தைராய்டு, கர்ப்பம், மாடிப்படி, பதற்றம், எதுவாக இருந்தாலும் நாடி வேகமெடுத்தால் நீர் கோக்கும். இதுவரை எந்தத் தொந்தரவும் இல்லாத பெண் ஒரே ராத்திரியில் மூச்சுத் திணறி வருவதற்கு இன்னொரு காரணம், பெருத்த மேலறை தாளம் தப்பி ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்குப் போவது. நாடி 150 ஆகும். மேலறையின் கடைசித் தள்ளலும் போய்விடும்.

ஆகவே இவர்களுக்கு நீர் மாத்திரையோடு நாடியை மெதுவாக்கும் மருந்தும் வேண்டும், மெட்டோப்ரோலால் மாதிரி. மற்ற இதயச் செயலிழப்பில் நீர் கோத்திருக்கும் நேரத்தில் இந்த வகை மருந்தை, அதாவது பீட்டா பிளாக்கரைப் புதிதாகத் தொடங்க மாட்டோம். இங்கே அதுவே மூச்சைத் திருப்பித் தரும். காரணம் தெரியாமல் சிகிச்சை செய்ய முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

வால்வு இதழ்கள் மிருதுவாக இருந்து, சுண்ணாம்பு படியாமல் இருந்தால் தொடையில் உள்ள சிரை வழியாகப் பலூன் அனுப்பி ஒட்டியதைப் பிரிக்கலாம். ஜப்பானைச் சேர்ந்த கஞ்சி இனோவே 1980-களின் தொடக்கத்தில் கொண்டுவந்த முறை. மேலறையில் ரத்தக்கட்டி இருந்தாலும், வால்வு ஏற்கெனவே ஓரளவுக்கு மேல் கசிந்தாலும் பலூன் கூடாது. தாளம் தப்பியவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் அல்லது அசிட்ரோம், ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் பரிசோதனை) 2 முதல் 3. புதுவகை உறைவுத் தடுப்பு மாத்திரை இவர்களுக்குப் பொருந்தாது. 2022-ல் வெளியான இன்விக்டஸ் ஆய்வில் ருமாட்டிக் வால்வு நோயாளிகளுக்கு ரிவராக்ஸபானைவிடப் பழைய மாத்திரையே நல்ல பலன் தந்தது.

தொண்டைத் தொற்று மறுபடி வந்து வால்வை மேலும் கெடுக்காமல் இருக்கப் போடும் பென்சதீன் பென்சிலின் ஊசியை மறக்கக் கூடாது. 12 லட்சம் யூனிட், 21 நாளுக்கு ஒருமுறை. வால்வு பழுதாகியிருந்தால் 10 வருடம் அல்லது 40 வயது வரை, இதில் எது நீளமோ அது. "இப்ப நல்லாத்தானே இருக்கா" என்று கல்யாணத்தோடு ஊசியை நிறுத்தும் வழக்கம் மாறவேண்டும்.

வார்டு_விளக்கு

கல்யாணம் என்றதும் அடுத்தது பிரசவ வார்டுதான். கர்ப்பத்தில் ரத்த அளவு 40, 50 சதவீதம் கூடும். மைட்ரல் சுருக்கம் இருப்பவர்கள் ஏழாம் எட்டாம் மாதத்தில் திணற ஆரம்பிப்பதை "வயிறு பெருசாச்சு, அதான் மூச்சு வாங்குது" என்று வீட்டில் சமாதானம் சொல்லிவிடுகிறார்கள். படுக்க முடியவில்லை, ராத்திரி எழுந்து உட்கார்கிறாள், சளியில் ரத்தக்கீற்று என்றால் அது வயிற்றால் வருவதில்லை.

பிரசவ அறையில் கவனிக்க வேண்டியவை: இடப்பக்கம் சாய்த்து, தலைப்பக்கம் உயர்த்தி வைக்கவும். வலியைக் குறைக்க முதுகில் போடும் மரப்பு ஊசி (எபிடூரல்) உதவும், ஏனென்றால் வலியே நாடியை ஏற்றும். நீண்ட நேரம் முக்க விடாமல் கருவி உதவியோடு எடுப்பது நல்லது. சிசேரியன் இதய நோய்க்காக என்று தானாகச் செய்வதில்லை. மகப்பேறு காரணம் இருந்தால்தான். கருப்பையைச் சுருக்கும் ஆக்சிடோசினை ஒரேயடியாகத் தள்ளாமல் மெதுவாக ஏற்றவும். மெத்தர்ஜின் ஊசியைத் தவிர்க்கவும். குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றும்.

ரொம்ப முக்கியம்: குழந்தை வெளியே வந்ததும் ஆபத்து முடிந்தது என்று எல்லாரும் கலைந்துவிடக் கூடாது. கருப்பை சுருங்கி அதிலிருந்த ரத்தம் மொத்தமும் இதயத்துக்கு வருவது அப்போதுதான். அடுத்த 24 மணி நேரம் கண் அவர் மேலேயே இருக்கவேண்டும், 72 மணி நேரம் வரை எச்சரிக்கை.

ரத்தசோகையோடு வருபவருக்கு ரத்தம் ஏற்றும்போதும் இதே கதிதான். வேகமாக ஏற்றினால் நீர் கோக்கும். ஒரு யூனிட்டை 3 மணி நேரத்துக்குக் குறையாமல், 4 மணி நேரத்துக்குள் முடிகிற மாதிரி மெதுவாக. ஒரே நாளில் இரண்டு மூன்று யூனிட் என்று அவசரப்படக் கூடாது.

வன்னித்தென்றல்

இலங்கையில் இருந்து எழுதுகிறேன். இங்கே சனம் "முட்டு" எண்டு சொல்லுறதும் அங்கே நீங்கள் "வீசிங்" எண்டு சொல்லுறதும் ஒண்டுதான். ஐம்பது வயதுக்கு மேல் முதல்முறையாக முட்டு வந்தால் அது ஆஸ்துமா எண்டு முடிவெடுக்க முதல் இதயத்தைப் பாருங்கோ. நீர் ஊறி மூச்சுக்குழாய்ச் சுவர் வீங்கினால் அதுவும் விசில் சத்தம்தான் போடும். நெபுலைசர் வைத்தால் கொஞ்சம் இலேசானது போல இருக்கும், அதில் போடுற சல்பியூட்டமோல் மருந்து நாடியை இன்னும் ஏத்தும், உண்மையான நோய் மறைஞ்சு நிக்கும். ஸ்டீராய்ட் ஊசியும் போட்டால் உப்பும் நீரும் உடம்பில் தங்கும்.

வித்தியாசம் பிடிக்கிற வழி: குளிர்ந்த வியர்வை, ரத்த அழுத்தம் 180, 200 எண்டு நிக்கிறது, ரெண்டு நுரையீரலின் அடிப்பாகத்திலும் நொறுநொறுப்பு, கழுத்து நரம்பு புடைச்சிருக்கிறது, இதெல்லாம் இதயப் பக்கம். சிறுவயதில் இருந்தே இழுப்பு, பருவத்துக்குப் பருவம் வாறது, தும்மல், ஒவ்வாமை எண்டால் ஆஸ்துமாப் பக்கம். சந்தேகம் தீராவிட்டால் என்டி-புரோபிஎன்பி எண்ட ரத்தப் பரிசோதனை. 300-க்குக் கீழே எண்டால் இப்ப வந்த திணறலுக்கு இதயச் செயலிழப்பு காரணமாக இருக்கிறது மிக அரிது. ஆனால் குண்டானவர்களுக்கு இந்த அளவு குறைச்சலாகக் காட்டும், சிறுநீரகம் பழுதானவர்களுக்குக் கூடக் காட்டும். நெஞ்சில் அல்ட்ராசவுண்ட் வைச்சு மேலிருந்து கீழ் வரை இறங்கும் வெள்ளைக் கோடுகள், ஒரு இடத்தில் மூண்டோ அதுக்கு மேலோ, ரெண்டு பக்கமும் தெரிஞ்சால் எக்ஸ்ரேக்கு முன்னமே பதில் கிடைச்சுவிடும். எக்ஸ்ரே நோய்க்குப் பின்னால்தான் வரும்.

அவசரவாசல்

முதல் ஒரு மணி நேரத்தைப் பற்றி.

வீட்டில்: படுக்க வைக்காதீர்கள். கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்காரவையுங்கள். தண்ணீர், காபி, சுக்குக் கஷாயம் எதுவும் வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள், இலங்கையில் 1990. ஆட்டோவில் மடியில் சாய்த்துப் படுக்கவைத்துக் கொண்டுவருவது ஆபத்து. மருத்துவர் முன்பே எழுதிக்கொடுத்த சார்பிட்ரேட் (நைட்ரேட் வகை மாத்திரை) இருந்து, அழுத்தம் நன்றாக இருந்தால் மட்டும் நாக்கின் கீழ் வைக்கலாம்.

மருத்துவமனையில்: ஆக்சிஜன் செறிவு 90-க்குக் கீழ் இருந்தால் ஆக்சிஜன். மூச்சு வேகம் 25-க்கு மேல் என்றால் முகமூடி வழியாக அழுத்தக் காற்று, 5 செ.மீ. நீர் அழுத்தத்தில் தொடங்கி 10 வரை. இதைத் தள்ளிப்போடாதீர்கள். முகமூடி போட்ட பத்து இருபது நிமிடத்தில் முகத்தில் மாற்றம் தெரியும். மயக்கத்தில் இருப்பவர், வாந்தி எடுப்பவர், அழுத்தம் விழுந்தவர் ஆகியோருக்கு முகமூடி ஏற்றதல்ல. மூச்சுக்குழாய்க்குள் குழாய் போடும் ஏற்பாட்டுக்குப் போகவேண்டும்.

மேல் அழுத்தம் 110-க்கு மேல் இருந்தால் நைட்ரோகிளிசரின் சிரை வழியாக நிமிடத்துக்கு 10–20 மைக்ரோகிராமில் தொடங்கி, சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஏற்றி 200 வரை போகலாம். பலர் 10-லேயே வைத்துவிட்டு "வேலை செய்யவில்லை" என்கிறார்கள். கொடுக்கக் கூடாத இடங்கள்: வலது கீழறை மாரடைப்பு, 24 மணி நேரத்துக்குள் சில்டெனாஃபில் அல்லது 48 மணி நேரத்துக்குள் டாடாலாஃபில் எடுத்தவர். இந்தக் கேள்வியைக் கூச்சப்படாமல், தனியாக அழைத்துக் கேட்டுவிடுங்கள்.

லாசிக்ஸ் (நீரைப் பிரிக்கும் மருந்து): முன்பு சாப்பிடாதவருக்கு 40 மி.கி. சிரையில். ஏற்கெனவே சாப்பிடுகிறவருக்குத் தினசரி வாய்வழி அளவுக்குக் குறையாமல், இரண்டு மடங்கு வரை. அதிக அளவு போடும்போது நிமிடத்துக்கு 4 மி.கி.க்கு மேல் தள்ளக் கூடாது. காது கேட்பது பாதிக்கும். போட்டுவிட்டு மறந்துபோகவும் கூடாது. 2 மணி நேரத்தில் சிறுநீரில் சோடியம் லிட்டருக்கு 50–70 மில்லிமோலுக்குக் கீழ், அல்லது முதல் 6 மணி நேரத்தில் மணிக்கு 100–150 மில்லிக்குக் கீழ் என்றால் அளவு போதவில்லை. இரட்டிப்பாக்கவும். அதே அளவை மறுபடி மறுபடி போட்டுப் பயனில்லை.

கிராமத்து_வைத்தியர்

அவசரவாசல் தம்பி, ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். அழுத்தம் 220 என்று பத்தே நிமிடத்தில் மூச்சடைத்து வருகிறவர் உடம்பில் உண்மையில் நீர் அதிகமாக இருக்காது. குழாய்கள் இறுகி, இருக்கிற ரத்தம் நெஞ்சுக்குள் தள்ளப்பட்டிருக்கிறது. இவருக்கு முதலில் லாசிக்ஸை ஊற்றினால் மறுநாள் சிறுநீரகம் வற்றிப் போகிறது. நைட்ரேட்டும் முகமூடியும் முன்னே, லாசிக்ஸ் பின்னே. வாரக்கணக்கில் எடை ஏறி, கால் வீங்கி வருகிறவருக்குத்தான் லாசிக்ஸ் முன்னே.

இன்னொன்று மார்ஃபின். பழைய பாடப்புத்தகப் பழக்கத்தில் இன்னும் சிலர் போடுகிறார்கள். ஸ்பெயினில் நடந்த மிமோ ஆய்வில் மார்ஃபின் எடுத்தவர்களுக்கு மோசமான விளைவுகள் கூடுதலாகி ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள். வழக்கமாகப் போடும் மருந்தாக அதை வைத்துக்கொள்ளக் கூடாது.

அப்புறம் "டிரிப்ஸ்". அசதியாக இருக்கிறது என்று வருகிறவர் தானே கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறார். 500 மில்லி சலைன் பாட்டிலில் உப்பு 4.5 கிராம். ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள் உப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இதயம் தளர்ந்தவருக்கு அந்த அசதியே இதயத்தால் வந்தது. அவருக்கு இந்தப் பாட்டிலை ஏற்றினால் அன்று ராத்திரியே மூச்சு முட்டும்.

அவசரவாசல்

ஏற்கிறேன் ஐயா. அழுத்தம் மிக உயர்ந்து திடீரென வருபவருக்கு நைட்ரேட்தான் முதல். நான் எழுதிய வரிசையை அப்படியே எல்லாருக்கும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்படித் திடீர் திடீரென்று திரும்பத் திரும்ப வந்து, இடையில் எக்கோ நன்றாக இருந்தால் சிறுநீரகத் தமனிகளைப் பாருங்கள். இரண்டு பக்கமும் சுருங்கியிருந்தாலோ, ஒற்றைச் சிறுநீரகத்தின் தமனி சுருங்கியிருந்தாலோ இப்படி வரும். 1988-ல் பிக்கரிங் குழுவினர் விவரித்ததால் பிக்கரிங் சிண்ட்ரோம் என்றே வழங்குகிறது. ரமிப்ரில் வகை மாத்திரை தொடங்கியதும் சிறுநீரகப் பழுதைக் காட்டும் ரத்த அளவான கிரியேட்டினின் 30 சதவீதத்துக்கு மேல் ஏறுவது ஒரு துப்பு. இளம்பெண்ணுக்கு இரு கைகளிலும் அழுத்தம் வெவ்வேறாக இருந்தால், ஒரு கையில் நாடி மெலிந்திருந்தால், பெரிய தமனிகள் அழற்சியால் சுருங்கும் டாகாயாசு நோயை நினையுங்கள்.

கிராமத்து_வைத்தியர்

கரிசல் காட்டுப் பக்கம் வேலை பார்க்கிறவர்களுக்காக இதையும் எழுதிவிடுகிறேன். செந்தேள் கொட்டினாலும் நுரையீரலில் நீர் கோக்கும். விஷம் நரம்புகளைத் தூண்டி உடம்பில் அட்ரினலின் புயலை எழுப்புகிறது. குழாய்கள் இறுகுகின்றன, இதயத் தசை திணறுகிறது, குழந்தைகளுக்குச் சில மணி நேரத்தில் நுரை தள்ளும். இதுவும் இதயத்தால் வரும் நீர்தான். மகாராட்டிரத்தில் மகாட் என்ற சிற்றூரில் மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் இந்தக் குழாய் இறுக்கத்தைத் தளர்த்த பிரசோசின் மாத்திரையைக் கொடுத்துப் பார்த்து, 1980-களில் உலகுக்குச் சொன்னார். குழந்தைக்கு எடை கிலோவுக்கு 30 மைக்ரோகிராம், கைகால் சூடு திரும்பும்வரை 3 மணி நேரத்துக்கு ஒருமுறை. மாத்திரை கொடுத்தபின் எழுந்து நடக்க விடக் கூடாது, அழுத்தம் விழும். தேள் விஷமுறிவு மருந்து கிடைக்கும் இடத்தில் அதையும் சேர்த்துக் கொடுத்தால் சீக்கிரம் தேறுகிறார்கள். கொட்டிய இடத்தில் வலி குறைவாக இருந்து, வியர்த்து, வாந்தி எடுத்து, கை கால் சில்லிட்டிருந்தால் அதுதான் ஆபத்தான குழந்தை. வலியில் கத்துகிற குழந்தை பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

மாத்திரைப்பெட்டி

டிஸ்சார்ஜ் ஆனவர் திரும்பி வருவது ஏன் என்று சிஸ்டர் கேட்டதற்கு மருந்துக்கடைப் பக்கத்திலிருந்து பதில்.

முதல் குற்றவாளி மூட்டுவலி மாத்திரை. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், எடோரிகாக்ஸிப் எல்லாம் சிறுநீரகத்தில் உப்பைத் தங்கவைக்கும், லாசிக்ஸின் வேலையையும் கெடுக்கும். சீட்டு இல்லாமல் "வலிக்கு ரெண்டு மாத்திரை" என்று வாங்குவதில்தான் பெரும்பாலும் வருகிறது. வலிக்குப் பாராசிட்டமால் போதும், ஆனால் தண்ணீரில் பொங்கும் வகை வேண்டாம். அதில் சோடியம் அதிகம். சர்க்கரைக்கு பியோகிளிட்டசோன் எடுப்பவர் மருத்துவரிடம் சொல்லி மாற்ற வேண்டும். பம்ப் அளவு குறைந்தவருக்கு டில்டியாசெம், வெரபமில் என்ற ரத்த அழுத்த மாத்திரைகள் கூடாது.

இரண்டாவது, பயண நாளில் நீர் மாத்திரையை விடுவது. பஸ்ஸில் சிறுநீர் வருமே என்ற பயம், அதிலும் பெண்களுக்கு. கல்யாணம், கோயில் என்று இரண்டு நாள் பயணம், அங்கே விருந்துச் சாப்பாடு, மூன்றாம் நாள் மருத்துவமனை. விடவேண்டாம், நேரத்தை மாற்றுங்கள். ஊர் போய்ச் சேர்ந்ததும் போடலாம், மாலை 4 மணிக்குள் போட்டால் தூக்கம் கெடாது.

மூன்றாவது, உப்பு. சாம்பாரில் குறைத்துவிட்டு ஊறுகாய், அப்பளம், வடகம், மோர் மிளகாய், கருவாடு ஆகியவற்றில் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள். இந்துப்பும் உப்புதான், அதிலும் சோடியமே. "லோ சோடியம்" என்று விற்கும் உப்பில் பொட்டாசியம் இருக்கிறது. ஸ்பைரோனோலாக்டோன், ரமிப்ரில், சாகுபிட்ரில்-வல்சார்டன் போன்ற இதய மாத்திரைகள் எடுப்பவருக்கு, சிறுநீரகமும் சற்றுப் பழுதாயிருந்தால், அது இதயத் துடிப்பையே நிறுத்தும் அளவுக்குப் பொட்டாசியத்தை ஏற்றலாம். தினமும் இரண்டு இளநீர் குடிப்பவருக்கும் இதே எச்சரிக்கை.

கேள்விக்குறி_77

தண்ணீர் எவ்வளவு குடிக்கலாம்? ஒரு லிட்டர்தான் என்று சிலருக்குச் சொல்கிறார்கள், வெயில் காலத்தில் நாக்கு வறண்டு தவிக்கிறார்கள். பம்ப் நார்மல் வகைக்கு மாத்திரை ஏதாவது உண்டா?

நாடித்துடிப்பு

நீர் கோத்து மருத்துவமனையில் இருக்கும்போதும், ரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கும்போதும் கட்டுப்பாடு தேவை. மாத்திரையில் நிலையாக இருக்கும் எல்லாருக்கும் கண்டிப்பான அளவு வைப்பதால் பெரிய பலன் தெரியவில்லை. நெதர்லாந்தில் நடந்து 2025-ல் வெளியான ஃப்ரெஷ்-அப் ஆய்வு ஒன்றரை லிட்டர் கட்டுப்பாட்டையும் தாராளமாகக் குடிப்பதையும் ஒப்பிட்டது. கட்டுப்பாட்டால் நன்மை வரவில்லை, தாகம்தான் கூடியது. ஆனால் தாகத்துக்குக் குடிப்பது வேறு, "உடம்புக்கு நல்லது" என்று மூன்று நான்கு லிட்டர் குடிப்பது வேறு. இரண்டாவது வேண்டாம்.

பம்ப் நார்மல் வகைக்கு டபாக்லிஃப்ளோசின் அல்லது எம்பாக்லிஃப்ளோசின், 10 மி.கி. தினம் ஒன்று. சர்க்கரை நோய் இல்லாதவருக்கும் பலன் தரும். கூடவே அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பது, எடை குறைப்பது, தூக்கத்தில் மூச்சு நிற்கும் தொந்தரவு இருந்தால் அதற்குச் சிகிச்சை. பம்ப் குறைந்த வகைக்கு நான்கு குழுக்களும் சேர்ந்து வேண்டும்: சாகுபிட்ரில்-வல்சார்டன் அல்லது ரமிப்ரில் வகை, பீட்டா பிளாக்கர், ஸ்பைரோனோலாக்டோன், மேலே சொன்ன ஃப்ளோசின். நீர் மாத்திரை மூச்சை இலேசாக்கும். ஆயுளை நீட்டுபவை இந்த நான்கும்தான். மூச்சு சரியானதும் "சக்தி மாத்திரை" என்று நினைத்து இவற்றை நிறுத்திவிட்டு லாசிக்ஸை மட்டும் வைத்துக்கொள்வது தலைகீழ்.

வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து சாப்பிட முடியாத நாளில் மட்டும் ஃப்ளோசினையும் நீர் மாத்திரையையும் தற்காலிகமாக நிறுத்துவது பற்றி அன்றே மருத்துவரைக் கேளுங்கள்.

வார்டு_விளக்கு

டிஸ்சார்ஜ் நாளில் சொல்லி அனுப்ப வேண்டியதை இழையின் கடைசியில் வைக்கிறேன், எடுத்துப் பயன்படுத்துங்கள்.

ஒரு எடை மெஷின், ஒரு நாற்பது பக்க நோட்டு. தினமும் காலையில் எழுந்து, சிறுநீர் கழித்து, காபிக்கு முன், ஒரே மாதிரி உடையில் எடை. மெஷினைச் சமமான தரையில் வைக்கவும், பாய் மேல் வைத்தால் தப்பாகக் காட்டும். வீட்டுக்குப் போன முதல் காலை எடையைப் பெரிதாக எழுதி வட்டம் போடுங்கள், அதுதான் அளவுகோல். அதிலிருந்து மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சோற்றால் வந்த சதையில்லை, நீர். கால் வீங்கும்வரை காத்திருக்காமல் அன்றே போன் செய்யவேண்டும். எடைக்குப் பக்கத்தில் இரண்டே குறிப்பு: நேற்றிரவு எத்தனை தலையணை, எழுந்து உட்கார்ந்தாரா. படிக்கத் தெரியாதவர் வீட்டில் பேரப்பிள்ளையிடம் இந்த நோட்டை ஒப்படையுங்கள்.

மறுபரிசோதனைக்கு அந்த நோட்டையும், வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும், மூட்டுவலிக்கு வாங்கியது உட்பட, ஒரே பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள். முதல் வருகை டிஸ்சார்ஜ் ஆன ஒன்று இரண்டு வாரத்துக்குள். அன்று பொட்டாசியம், கிரியேட்டினின் இரண்டும் பார்க்கவேண்டும்.